காட்டுப்பக்கம்: மலை எரியுது, உன்னி சாகல, விதைப்பந்து எங்க போச்சு?

மாசி பொறந்தா போதும், சேலத்துக்காரங்க ராத்திரி சாப்ட்டுட்டு மொட்டை மாடிக்கு வந்து காத்து வாங்கறப்ப மலைல செவப்பா ஒரு கோடு தெரியும், அடுத்த நாளே நம்மளுக்கு லெட்டர் வந்துரும். இந்த மாசமும் பாதி லெட்டர் தீ பத்திதான். வனவரா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன் சும்மாதானே இருக்காருன்னு எடிட்டர் மொத்த கட்டையும் என்கிட்ட தள்ளிவிட்டுட்டாரு. சரி, ஒண்ணொண்ணா பாப்போம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி வாசகர்: எங்க வீட்டுல இருந்து மலை நல்லா தெரியும். வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்ல எரியுது. மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசி தானா பத்திக்குதுன்னு சொல்றாங்களே, நெசமா? ஏன் தண்ணி ஊத்தி அணைக்க மாட்டேங்கறாங்க?

மூங்கில் கதைய நானும் டவுசர் போட்ட காலத்துல இருந்து கேட்டுட்டு இருக்கேன். சர்வீஸ் முழுக்க சேர்வராயன்லயும் கல்வராயன்லயும் அலைஞ்சிருக்கேன், ஒரு தடவ கூட உரசி பத்தினத பாத்தது இல்லைங்க. நம்ம பக்கம் காட்டுத்தீன்னா கிட்டத்தட்ட எல்லாமே மனுஷன் கைதான். ரோட்டோரம் பீடித்துண்டு, ஓடையோரம் சிக்கன் சுட்டுட்டு கங்க அணைக்காம போறது, புதுப்புல் வரட்டும்னு கொளுத்தறது, சில நேரம் சும்மா வம்புக்கு.

மலைச்சரிவுல இருக்கறது பூரா இலையுதிர் காடு. தை, மாசில இலைய கொட்டிரும், போதைப்புல் ஆள் உசரத்துக்கு காஞ்சு நிக்கும், கீழ சருகு முழங்கால் வரைக்கும். ஒரு பொறி போதும். அதுவும் தீ மேட்டுப் பக்கமா ஏறும்போதுதான் வேகம் ஜாஸ்தி, ஏன்னா கீழ எரியற சூடு மேல இருக்கற புல்ல முன்னாடியே காய வெச்சு தயாரா வெச்சுரும். அதனாலதான் தீயப் பாத்தா மேட்டுப் பக்கம் ஓடக்கூடாதுன்னு புதுசா வர்ற வாட்சர் பசங்களுக்கு மொத நாளே சொல்லுவோம். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி பக்கம் குரங்கணில என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், மலையேறப் போன 23 பேர் போயிட்டாங்க. அங்கயும் சரிவு, காஞ்ச புல்லு, காத்து.

தண்ணிக்கு வர்றேன். ரோட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ள, செங்குத்தான சரிவுல, எந்த வண்டி போகும்? நாங்க அணைக்கறது பச்சைத் தழை வெச்சுத்தான். ரெண்டு முழம் நீளத்துக்கு தழையோட கொப்ப ஒடிச்சு, தீயோட ஓரத்த அடிச்சு அடிச்சு உள்பக்கமா தள்றது. ஓங்கி அடிச்சா பொறி பறந்து பின்னாடி புல்லுல விழும், அதனால அடிச்சு அப்படியே அமுக்கணும், இது கை பழகணும். ராத்திரி பனி இறங்கினப்பறம் தீ கொஞ்சம் படுக்கும், அதான் எங்க நேரம். காத்து மாறிச்சுன்னா தீ வர்ற திசைக்கு முன்னாடி போயி எதிர்தீ வெப்போம், ரெண்டும் முட்டி சாவும். அது சரியா வந்தா பெருமை, தப்பா போச்சுன்னா மெமோ.

இப்ப ஒரு வசதி வந்திருக்கு. டேராடூன்ல இருக்கற இந்திய வன அளவைத் துறை சாட்டிலைட்ல பாத்து, எந்த இடத்துல எரியுதுன்னு மெசேஜ் அனுப்பிருவாங்க. அந்த சாட்டிலைட்டோட கண்ணு ஒரு புள்ளிக்கு 375 மீட்டர் அளவுக்குப் பாக்கும், சின்னத் தீ விட்டுப்போகும், சில நேரம் வெயில்ல சூடேறின பாறையையும் தீன்னு சொல்லும். ஆனா எங்க காலத்துல கரடு மேல ஏறி நின்னு புகை எந்தப் பக்கம்னு பாத்து கத்துனதுக்கு இது எவ்வளவோ தேவல.

தீக்கோடு எடுக்கறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, தை மாசத்துல காட்டு எல்லைய ஒட்டி புல்லு சருகெல்லாம் சுரண்டி வெறும் மண்ணா ஒரு பட்டை விடறது. பணம் நேரத்துக்கு வந்தா தை மாசத்துல கோடு வரும், லேட்டா வந்தா மலை எரிஞ்சப்பறம் கோடு எடுப்போம். இத எழுதறதுக்காக ரிட்டயர் ஆகற வரைக்கும் காத்திருந்தேன்.

ஏற்காடு பக்கத்து கிராமம், கல்லூரி மாணவர்: போன இதழ்ல "ஆடு மாடு மேய்க்கற மலை சனங்கதான் பாதி தீக்கு காரணம்"னு எழுதியிருந்தீங்க. நான் மலையாளிங்கற மலைப் பழங்குடிப் பையன். எங்க ஊர்ல தீ வந்தா மொதல்ல ஓடறது எங்கப்பாதான். நீங்க எழுதினது சரியா?

சரியில்ல தம்பி. பாதின்னு நான் போட்ட கணக்குக்கு ஆதாரம் கெடையாது, டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி பழகிப்போன பேச்சு அது, அப்படியே பேனால வந்துருச்சு. நான் பாத்த தீல ரோட்டோரத்துல ஆரம்பிச்சதுதான் ஜாஸ்தி, அந்த ரோட்டுல போறவங்க யாருன்னு உனக்கே தெரியும். தீயடிக்கப் போறப்ப எங்க கூட முன்னாடி நின்னவங்க உங்க ஊர்க்காரங்க, அதுவும் தினக்கூலிக்கு.

இன்னொண்ணும் சொல்றேன். எல்லா தீயும் ஒண்ணு இல்ல. கர்நாடகால பிலிகிரிரங்கன் மலைல சோலிகர்னு பழங்குடி மக்கள் "தரகு பெங்கி"ன்னு ஒண்ணு வெப்பாங்க, சருகுத்தீ. வருஷத் தொடக்கத்துலயே, ஈரம் முழுசா போறதுக்கு முன்னாடி, தாழ்வா ஓடற தீ. சருகு மட்டும் எரியும், மரத்துக்கு ஒண்ணும் ஆவாது. அந்தத் தீக்கு தடை போட்டப்பறம் அங்க உன்னிச்செடி, அதான் லண்டானா, ஏறி, பத்தினா பெருசா பத்துதுன்னு அவங்க சொல்றாங்க. எனக்கும் இப்ப அதுல ஞாயம் இருக்கறதா படுது. நாங்க படிச்சது ஒரே பாடம், 1882ல வெள்ளைக்காரன் போட்ட வனச்சட்டம், தீ வெச்சா ஆள புடிச்சு உள்ள போடு. 2006 வன உரிமைச் சட்டத்துல கிராமசபைக்கே காட்ட பாதுகாக்கற அதிகாரம் இருக்கு. உங்க ஊர்ல சமூக வன உரிமைக்கு மனு போட்டாச்சான்னு அப்பாகிட்ட கேளு.

அம்மாப்பேட்டை இளைஞர் மன்றம்: ரெண்டு வருஷமா ஆயிரக்கணக்குல விதைப்பந்து செஞ்சு மலை அடிவாரத்துல வீசறோம். இந்த வருஷம் போயி பாத்தா ஒண்ணும் காணல. எங்க தப்பு?

பசங்களா, கோவிச்சுக்காதீங்க. உள்ள என்ன வெதை வெச்சீங்க? வேம்புன்னு எழுதியிருக்கீங்க. வேப்பம்பழம் ஆனி, ஆடில விழும், அந்த வெதைக்கு உசுரு ரெண்டு மூணு வாரம்தான். நீங்க ஆகஸ்ட் 15க்கு பந்து புடிச்சு, காய வெச்சு, மூட்டை கட்டி, அக்டோபர்ல மழை வரட்டும்னு வீசியிருக்கீங்க. அதாவது செத்துப்போன வெதைய அழகா உருட்டி வீசியிருக்கீங்க.

விதைப்பந்த பிரபலம் பண்ணுன ஜப்பான் விவசாயி ஃபுகுவோகா மொதல்ல தன்னோட வயல்ல நெல்லு, தானியம் வெதைக்கத்தான் அத செஞ்சாரு. புல்லும் சருகும் மூடின மலைல பந்து மண்ணத் தொடவே தொடாது, தொட்டாலும் எறும்பு, எலி, அதுக்கப்பறம் ஆடு. அதுவும் தாண்டி வந்தா மாசித்தீ. சில குரூப்பு சவுண்டல் வெதையும் போடறாங்க, அது மட்டும் நல்லா மொளைக்கும், மொளைச்சு எல்லாத்தையும் அமுக்கிரும், தயவுசெஞ்சு வேண்டாம். ரிசர்வ் காட்டுக்குள்ள பர்மிஷன் இல்லாம போறதே குத்தம், அது வேற.

நீங்க மொட்டைன்னு நெனைக்கற அந்த அடிவாரச் சரிவு மொட்டை இல்ல. குனிஞ்சு பாருங்க. முழங்கால் உசரத்துல பொதர் மாதிரி தடசு, வெப்பாலை, உசிலை எல்லாம் நிக்கும். அது போன வருஷம் மொளைச்ச கன்னு இல்ல, கீழ வேரு மணிக்கட்டு கனம் இருக்கும், வயசு பத்தோ பதினஞ்சோ. வருஷா வருஷம் எரியும், ஆடு கடிக்கும், மறுபடி வேர்ல இருந்து துளிர்க்கும். நாலு வருஷம் தீயும் ஆடும் படாம பாத்துக்கிட்டா அதுவே தலைக்கு மேல போயிரும், ஒரு வெதை வீச வேண்டாம். பந்து உருட்டற நேரத்துல வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல போயி தீக்கோடு எடுக்க ஆள் வேணுமான்னு கேளுங்க. போட்டோ அழகா வராது, உடம்பெல்லாம் உண்ணிப்பூச்சி கடிக்கும், ஆனா ஆளு எப்பவுமே வேணும்.

நாகலூர் காப்பித் தோட்டக்காரர்: மூணு ஏக்கர் வெச்சிருக்கேன். நிழலுக்கு இருக்கற அத்தி, வாகை, பலாவ எடுத்துட்டு முழுக்க சில்வர் ஓக் போடச் சொல்றாங்க, மிளகு ஏத்தலாம், இருபது வருஷத்துல மரமும் காசுங்கறாங்க. செய்யலாமா?

ஓரத்துல கொஞ்சம் போடுங்க, முழுக்க வேண்டாம்.

சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாக்காரன். நேரா வளருவான், மிளகுக்கொடிக்கு கம்பம் மாதிரி, சடசடன்னு பருப்பான், பிளைவுட்காரன் வாங்கிக்குவான். இதெல்லாம் நெசம்தான். ஆனா அதோட இலை மக்கறது ரொம்ப மெதுவு, கீழ போயி ஒரு கையள்ளிப் பாருங்க, போன வருஷத்து இலை அப்படியே முறுக்கிட்டு கெடக்கும். பலாவுக்கு கீழ அள்ளினா கருப்பா, ஈரமா, மண்புழுவோட வரும். அந்த மண்ணுதான் உங்க காப்பிக்கு சோறு.

இன்னொரு கணக்கு, வெள்ளைத் தண்டு துளைப்பான், காப்பித் தண்ட குடையற வண்டு. அரபிக்கா காப்பி வெச்சவங்க எல்லாருக்கும் அவன் மேல ஒரு பயம் இருக்கும். தாய்வண்டு வெயில் படற தண்டத்தான் தேடிப் போயி பட்டைல முட்டை வெக்கும், ஏப்ரல் மே ஒரு தடவ, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஒரு தடவ. மேல பெரிய மரம், கீழ முள்முருங்கைன்னு ரெண்டடுக்கு நிழல் இருந்த தோட்டத்துல அவன் தொல்லை கம்மி. பழைய மரத்த வெட்டிட்டு சில்வர் ஓக் கன்னு நட்டீங்கன்னா அது நிழல் குடுக்கற வரைக்கும் நாலஞ்சு வருஷம் உங்க காப்பி வெயில்ல நிக்கும், அந்த கேப்புல பாதி செடி போயிரும்.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காப்பிய கொண்டு வந்தப்ப நிழலுக்குன்னு தனியா மரம் நட வேண்டியிருக்கல, காட்டு மரத்துக்கு கீழதான் செடி. ஏற்காடு மலைல இப்ப மிச்சம் இருக்கற பழைய பெரிய மரங்கள்ல நெறைய ரிசர்வ் காட்டுல இல்ல, உங்கள மாதிரி ஆளுங்க தோட்டத்துலதான் நிக்குது. அத்தி காய்ச்சா மலைல இருக்கற குக்குறுவான் குருவிங்க எல்லாம் உங்க தோட்டத்துலதான் இருக்கும், அதுங்க போடற எச்சத்துல தான் பக்கத்துக் காட்டுக்கு கன்னு. எந்த மரத்துல கைவெக்கறதுக்கு முன்னாடியும் ரேஞ்ச் ஆபீஸ்ல எழுதிக் கேட்டுருங்க, மலைப்பகுதில பட்டா மரமா இருந்தாலும் சட்டம் இருக்கு, புரோக்கர் வாயால சொல்றத நம்பாதீங்க.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி: வீட்டுத் தோட்டத்துல சந்தனக்கன்னு வெச்சேன், ஒரு முழம் வந்து மஞ்சளாகி நின்னுருச்சு. உரம் போட்டும் தேறல. வீட்ல சந்தனம் வெச்சா போலீஸ் கேஸ் ஆகுமான்னு வேற மாமியார் பயப்படறாங்க.

மாமியார்கிட்ட சொல்லுங்க, 2002ல சட்டத்த மாத்திட்டாங்க, பட்டா எடத்துல இருக்கற சந்தனமரம் எடத்துக்காரருக்கே சொந்தம். வெட்டறது, விக்கறதுக்கு மட்டும் வனத்துறை மூலமா போகணும். பயப்பட வேண்டியது போலீஸுக்கு இல்ல, மரம் பருத்தப்பறம் ராத்திரி வர்ற ரம்பத்துக்கு.

செடி மஞ்சளானதுக்கு காரணம் அதுக்கு தொணை இல்ல. சந்தனம் பாதி ஒட்டுண்ணி, பச்சையா இருக்கேன்னு ஏமாறாதீங்க, பக்கத்துச் செடியோட வேர்ல தன் வேர ஒட்ட வெச்சு உறிஞ்சும். தொட்டில பொன்னாங்கண்ணியும், தரைல துவரையும் பக்கத்துல வெச்சு விடுங்க, பின்னாடி நெல்லியோ மலைவேம்போ ஒண்ணு வேணும். நடுவுல வைரம் நல்லா பாய இருபத்தஞ்சு வருஷம் ஆகும், பேத்தி கல்யாணத்துக்குன்னு வெச்சுக்கோங்க.

அரிசிப்பாளையம் ஆசிரியை: பசங்கள கூட்டிட்டு ஏற்காடு போனேன். ரோட்டு ரெண்டு பக்கமும் கலர் கலரா பூத்திருக்கற உன்னிச்செடி அவ்ளோ மோசமானதுங்கறீங்க. அப்பறம் ஏன் புடுங்கிப் போடாம வெச்சிருக்காங்க?

புடுங்காம இல்லைங்க டீச்சர், புடுங்கத் தெரியாம புடுங்கினதுதான் பிரச்சனை. அமெரிக்கா கண்டத்துச் செடி, வெள்ளைக்காரன் 1800களோட ஆரம்பத்துல வேலிக்கும் அழகுக்கும் கொண்டு வந்தான். கொண்டைக்குருவி அந்த கருப்புப் பழத்த தின்னுட்டு எந்த மரத்துல ஒக்காருதோ அதுக்கு கீழ அடுத்த செடி.

நான் சர்வீஸ்ல சேந்த புதுசுல எங்களுக்கு உத்தரவு, இருபது ஹெக்டேர் உன்னி வெட்டணும். அருவாளால தரை மட்டத்துக்கு வெட்டினோம், பில்லு போட்டோம், போட்டோ எடுத்தோம். அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த எடத்துல எட்டு தண்டு. அப்பறம் ஒரு வருஷம் மிஷின் விட்டு நோண்டினாங்க, மண்ணெல்லாம் பொரட்டி அடில தூங்கிட்டு இருந்த வெதை பூரா வெளிச்சத்துக்கு வந்து நாத்தங்கால் மாதிரி மொளைச்சுது. பிற்பாடுதான் டெல்லி பேராசிரியர் சி.ஆர்.பாபு சொன்ன முறை வந்துச்சு. தண்டும் வேரும் சேர்ற கணு மண்ணுக்கு உள்ள ரெண்டு விரக்கடை கீழ இருக்கும், துளிர்க்கற சக்தி அங்கதான். மம்மட்டிய சாய்ச்சு விட்டு அதுக்கு கீழ வெட்டி, செடிய தலைகீழா கவுத்து வெச்சுரணும், வேர் மண்ணத் தொடக்கூடாது. அதோட முடியாது, அடுத்த ரெண்டு மூணு மழைக்கும் பறவை ஒக்கார்ற மரத்தடிக்கு போயி நாத்து புடுங்கணும், அந்த எடத்துல நம்ம புல்லு வெதைக்கணும். டெண்டர்ல மொத வருஷ வெட்டுக்கு காசு இருக்கும், மூணாவது வருஷ நாத்து புடுங்கறதுக்கு இருக்காது. உன்னி ஜெயிக்கறது அந்த மூணாவது வருஷத்துலதான்.

தமிழ்நாடு அரசு 2022ல அந்நியத் தாவரங்களுக்குன்னு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு, நல்ல விஷயம். ஒரே மூச்சுல செங்குத்துச் சரிவ மொட்டையடிச்சு ஐப்பசி மழைக்கு மண்ண கரைய விடாம இருந்தா சரி.

பசங்க கொண்டை ஊசி வளைவுல கொரங்குக்கு சிப்ஸ் குடுத்த போட்டோவும் அனுப்பியிருக்கீங்க. அடுத்த டிரிப்புல குடுக்க விடாதீங்க. காட்டுப்பழம் தின்னு வெதை பரப்ப வேண்டிய நாட்டுக் கொரங்கு இருபது வளைவுலயும் ஒக்காந்து காருக்கு காத்துக் கெடக்கு.

ஏற்காடு, விடுதி ஊழியர்: முன்னல்லாம் எப்பவாச்சும்தான் காட்டெருமை தெரியும். இப்ப டூட்டி முடிச்சு ஏழு மணிக்கு வண்டில போனா ரோட்டுல நிக்குது. எண்ணிக்கை ஏறிருச்சா, எங்க எடத்துக்கு பழகிருச்சா?

ரெண்டும் இருக்கு. பேர்லயே ஒரு தப்பு, அது எருமை சொந்தம் இல்ல, மாட்டு சொந்தம், காட்டுமாடுன்னு சொல்றதுதான் சரி. அதனாலதான் நம்ம மாட்டோட வியாதி அதுக்கும் தொத்தும், 1968ல முதுமலை பக்கம் மாட்டு வெக்கை நோய் வந்து கூட்டம் கூட்டமா செத்துச்சு. இங்க அத வேட்டையாட புலி கெடையாது. காட்டுக்குள்ள புல்லு இருந்த எடத்த உன்னி புடிச்சுருச்சு, தோட்டத்துல பாத்தா தண்ணி இருக்கு, பசும்புல் இருக்கு. அது போற தடத்துல யாராவது ரிசார்ட்டு கட்டி கம்பி வேலி போட்டா ரோட்டச் சுத்தித்தான் வரும்.

உங்களுக்கு வேண்டியது இது: ஹாரன் அடிக்காதீங்க, ஹெட்லைட்ட டிம் பண்ணிட்டு தூரத்துலயே நில்லுங்க, போகட்டும். ஒத்தைக் காளை முக்கால் டன்னுக்கு மேல இருக்கும், ஆனா பொதுவா சாது, திடீர்னு கிட்டக்க பாத்தாதான் பதறும். கன்னுக்குட்டியோட இருக்கற கூட்டத்துக்கு நடுவுல மட்டும் வண்டிய விட்டுராதீங்க. புஸ்னு மூச்சு விட்டு தலைய ஆட்டுச்சுன்னா அது உங்களுக்கு சொல்ற வார்த்தை.

கிச்சிப்பாளையம் வாசகர்: திருமணிமுத்தாறு எங்க ஏரியால சாக்கடை. மேல மலைல காடு இருந்தா கீழ ஆத்துல தண்ணி ஓடும்னு சொல்றது உண்மைன்னா, மலைல காடு இருக்கே, ஆறு ஏன் காயுது?

டவுன் சாக்கடைக்கு காடு ஒண்ணும் பண்ண முடியாது, அத கார்ப்பரேஷன்கிட்ட கேளுங்க. ஆனா கேள்வில பாதி என் பக்கம் வருது. அடுத்த தடவ ஏற்காடு போறப்ப ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு போங்க. ஆடு நடந்து நடந்து இறுகின ரோட்டோர சரிவுல பாதி ஊத்துங்க, வழிஞ்சு கீழ ஓடிரும். பத்தடி உள்ள, சருகு மக்கின எடத்துல மீதிய ஊத்துங்க, ஊத்தறப்பவே காணாம போகும். காட்டோட வேலை இவ்ளோதான், மழைய வரவெக்கறது இல்ல, வந்த மழைய மண்ணுக்குள்ள அனுப்பி பொறுமையா ஓடைல விடறது. மலை உசரமா இருக்கறதால டவுன விட மேல மழை ஜாஸ்தி, அது காடு இல்லாட்டியும் பெய்யும், ஆனா ரெண்டு மணி நேரத்துல வெள்ளமா எறங்கிட்டு மறுநாள் ஓடை காஞ்சு கெடக்கும். சாட்டிலைட் படத்துல பச்சையா தெரியற எடமெல்லாம் இந்த வேலைய செய்யாது. வருஷா வருஷம் சருகு எரிஞ்ச சரிவும் மேல இருந்து பாத்தா பச்சைதான்.

அஸ்தம்பட்டி வாசகர், வாக்கிங் போறவர்: காட்டுல பெரிய மரம் ஒண்ணு விழுந்து ரெண்டு வருஷமா கெடக்கு. ஏலம் விட்டா அரசாங்கத்துக்கு காசு. ஏன் வீணா மக்க விடறாங்க?

நீங்க சொன்ன மரம் எனக்கும் தெரியும், போன வாரம் போயி பாத்துட்டு வந்தேன், பழைய நாவல். பட்டைக்கு அடில கரையான் மண்பாதை போட்டிருக்கு, மேல தட்டு தட்டா காளான், பொந்துல ஒரு அரணை தலைய நீட்டிட்டு உள்ள போச்சு. மரங்கொத்தி கொத்தின ஓட்டைங்க வரிசையா இருக்கு, அது நின்ன மரமா இருந்தப்பவே கொத்தினது, அதே மாதிரி ஓட்டைலதான் பின்னாடி கிளியும் மைனாவும் குடியேறும். விழுந்ததுல மேல வெளிச்சம் எறங்கி, தண்டோட நிழல்ல, ஈரத்துல பதினோரு நாவல் கன்னு எண்ணினேன். விழுந்த கொப்பெல்லாம் குறுக்க கெடக்கறதால ஆடு உள்ள போக முடியல, அதான் தப்பிச்சிருக்கு. நீங்க அந்தப் பக்கம் வாக்கிங் போறப்ப வெறகுக்கு கொப்ப இழுக்கறவங்கள பாத்தா, அந்த தெக்குப் பக்கத்து கொப்ப மட்டும் விட்ர சொல்லுங்க, கன்னு அங்கதான் இருக்கு.